ஏசி தருகிறேன் என்கிறார்கள், ஜன்னலை அடைத்துவிடலாமா?

கேள்வி: வடசென்னை காசிமேட்டில் சின்னதாக ஒரு கிளப் நடத்துகிறோம். முதல் மாடியில் 30-க்கு 20 அடி ஹால். நாலு கேரம் போர்டு, ஒரு மூலையில் வெயிட் தூக்கும் சாமான்கள், ஒரு பாக்ஸிங் பேக். கொரோனாவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திரும்பத் திறந்தபோது வாசலில் சானிடைசர், நெற்றியில் தெர்மல் கன், தினமும் ப்ளீச்சிங் பவுடர் என்று எல்லாமே செய்தோம், அப்படியும் ஒரே வாரத்தில் ஆறேழு பேர் படுத்துவிட்டார்கள். இப்போது ஹாலைப் புதுப்பிக்கிறோம். ஒருவர் இரண்டு ஸ்ப்ளிட் ஏசி வாங்கித் தருகிறேன் என்கிறார். ஜன்னலை அடைத்துவிடலாமா? இன்னொரு முறை அப்படி ஒரு தொற்று வந்து, அரசு திறக்கலாம் என்று சொன்னால், இந்தத் தடவையாவது ஒழுங்காக நடத்த என்ன செய்ய வேண்டும்?

பதில்: அடைக்காதீர்கள். நல்ல மனதோடு கொடுப்பவரை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை, ஏசி வரட்டும், ஆனால் ஜன்னலில் கை வைக்காதீர்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே தொங்கும் பெட்டி சூட்டை வெளியேற்றத்தான். உள்ளே இருக்கும் யூனிட் ஹாலில் இருக்கிற அதே காற்றை, அதாவது இருபது பேர் விட்ட மூச்சையே, திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைத்து முகத்தில் அடிக்கிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஓர் ஏசி உணவகத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று வந்தது. அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இருந்தும் ஓடவில்லை.

உங்கள் கிளப்பிலும் கோளாறு காற்றில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெர்மல் கன் பற்றி உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, 2020-ல் ஒரு அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்கு அதை வாங்கச் சொன்னவனே நான்தான். கொரோனா வந்தவர் காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடலாம், சிலருக்குக் காய்ச்சலே வராது, அப்புறம் அந்தக் கருவி யாரைப் பிடிக்கும்? ப்ளீச்சிங் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பொருளைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு, ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 2020 ஏப்ரலில் திருப்பூரில் மார்க்கெட் வாசலில் ஆட்கள் மேலேயே மருந்து தெளிக்கும் சுரங்கம் வைத்தார்களே, அந்த மாதிரி மனிதர்கள் மேல் அடிக்கக் கூடாது என்று அதே மாதம் மத்திய சுகாதாரத் துறையே சொல்ல வேண்டி வந்தது. ஸ்ட்ரைக்கரைப் பத்துப் பேர் தொடுகிறார்கள் என்றால், ஆடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கேரம் போர்டில் மருந்துத் தண்ணீர் ஊற்றினால் வைரஸ் சாகிறதோ இல்லையோ, பிளைவுட் உப்பிப்போகும்.

சரி, காற்றுக்கு வருவோம். உங்கள் ஹால் 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 6,000 கன அடி, அதாவது சுமார் 170 கன மீட்டர். மணிக்கு 6 முறையாவது இந்தக் காற்று முழுசாக மாற வேண்டும் என்றால் மணிக்கு ஆயிரம் கன மீட்டர் சொச்சம் வெளியே போக வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியிலேயே மணிக்கு எவ்வளவு காற்று தள்ளும் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அது எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கிற கணக்கு. கொசுவலை, தூசி, வெளியே மூடி எல்லாம் சேர்ந்தால் நிறையக் குறைந்துவிடும், அதனால் கணக்குக்கு ஒன்று போதும் என்றாலும் இரண்டாகப் போடுங்கள். நிறையப் பேர் செய்யும் தப்பு, ஃபேனை மாட்டிவிட்டுக் காற்று உள்ளே வர வழி வைக்காமல் விடுவது. இன்னொரு தப்பு, திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஃபேனை மாட்டுவது. அப்படி மாட்டினால் ஜன்னல் காற்றை அதுவே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும், மூலையில் வெயிட் தூக்குகிறவருக்கு ஒன்றும் போகாது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கிளப்புக்கு ஆள் சேருவது சாயங்காலம்தானே? அந்த நேரம் பெரும்பாலும் கடல்காற்று, அதனால் கிழக்கு ஜன்னல் வரும் வழி, மேற்குச் சுவரில் உயரத்தில் எக்ஸாஸ்ட். ஜூன், ஜூலை காலைகளில் மேல்காற்று எதிர்த்து அடிக்கும், அதற்கு ஃபேனுக்கு வெளியே கீழ்நோக்கி வளைந்த மூடி போட்டால் சமாளிக்கலாம். ஆனால் உங்கள் சந்தில் அந்த ஃபேன் நேராக எதிர்வீட்டு அடுப்படி ஜன்னலைப் பார்க்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொற்று வருவதற்கு முன்னாடியே சண்டை வந்துவிடும்.

ஜன்னலைத் திற என்று சொல்வது அடையாறில் சுலபம். இங்கே எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரித் தூசி, சில ராத்திரி மணலிப் பக்கத்துக் காஸ் நாற்றம், 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்து ஜனம் வீட்டை விட்டு ஓடியதை யாரும் மறக்கவில்லை. நாற்றம் வரும் நாளில் ஜன்னலை மூடத்தான் வேண்டும். மூடுகிற நாளில் ஆட்டத்தை நிறுத்துங்கள், அல்லது பாதிப் பேரை அனுப்பிவிட்டு ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையரை ஓட விடுங்கள். அது வைரஸையும் தூசியையும் பிடிக்கும், நாற்றத்தையும் வாயுவையும் பிடிக்காது. ஏசி கொடுப்பவரிடம் ஒரு ஏசியும் ஒரு ப்யூரிஃபையரும் கேட்டுப்பாருங்களேன்.

கேரமும் வெயிட்டும் ஒரே ஹாலில் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கேரமில் ஆடும் பரப்பே 74 சென்டிமீட்டர்தான், சுற்றி நாலு பேர் குனிந்தால் முகத்துக்கும் முகத்துக்கும் மூணடிகூட இருக்காது. ஆனால் அது வாய் பேசாமல் ஆடும் ஆட்டம், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டே ஆடலாம், டபுள்ஸை நிறுத்தி சிங்கிள்ஸ் வைக்கலாம். பேக் அடிப்பவரும் வெயிட் தூக்குபவரும் மாஸ்க்கோடு நீடிக்க முடியாது, மூச்சும் பல மடங்கு விடுவார்கள். தென்கொரியாவில் 2020-ல் ஜும்பா மாதிரியான நடன வகுப்புகள் நடந்த 12 உடற்பயிற்சிக் கூடங்களோடு தொடர்புள்ள 112 பேருக்குத் தொற்று வந்தது. அதே நாட்களில் தொற்றோடு, மெதுவாகச் செய்யும் பிலாட்டஸ், யோகா பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சியாளரின் வகுப்பில் ஒருவருக்கும் வரவில்லை. ஆகவே தொற்றுக் காலத்தில் வெயிட்டும் பேக்கும் மொட்டை மாடிக்குப் போகட்டும், மழைக்கு மேலே மட்டும் ஒரு ஷீட், நாலு பக்கமும் திறப்பு. ஹால் கேரமுக்கு. அதை முழுசாக மூடிவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான், நம் பக்கத்து வீடுகளில் போர்டை விரித்துவைத்துப் பழக இடம் எங்கே இருக்கிறது?

ரொம்ப நாள் பூட்டியிருந்து திறக்கிறீர்கள் என்றால், ஆள் வருவதற்கு முன் டேங்கைக் கழுவி, எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, நின்ற தண்ணீரை வெளியேற்றுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பையன்கள் விட்ட இடத்திலிருந்து அதே வெயிட்டைத் தூக்கப் பார்ப்பார்கள், பாதியில் தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்துக்கு ஆபத்து வரும் நிலை அது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எத்தனை பேரை விடலாம் என்பதற்கு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள். நாம் விடும் மூச்சில் வரும் அந்த வாயு ஹாலில் ஏறினால், காற்று சரியாக மாறவில்லை என்று அர்த்தம். என்டிஐஆர் (NDIR, அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) சென்சார் என்று போட்டிருக்க வேண்டும், மற்ற மலிவு சாமான்கள் வாயில் வந்ததைச் சொல்லும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் சொச்சம் காட்டும், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் அத்தனை பங்கு. எல்லாரும் ஆடி ஒரு மணி நேரம் ஆனபின் ஹாலில் 800-க்குள் இருந்தால் நல்லது, ஆயிரத்தைத் தாண்டினால் நாலு பேரைக் கீழே டீ குடிக்க அனுப்புங்கள்.

இதையெல்லாம் வாங்கும்வரை, எலக்ட்ரீஷியன் சுவரில் ஓட்டை போடுவதற்கு முன் ஒரு சாயங்காலம், ஹாலின் நாலு மூலையிலும் நடுவிலும் ஊதுபத்தி ஏற்றி ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பாருங்கள். எந்த மூலையில் புகை அசையாமல் நிற்கிறதோ, ஃபேன் அந்தப் பக்கத்துக் காற்றை இழுக்கிற மாதிரி இடம் குறித்துக் கொடுங்கள்.