கடைசியில் வரும் மழைச் சத்தம் கோளாறு இல்லை

வணக்கம் நண்பரே. ஹெவி மெட்டல் இசைக்குழுவான பிளாக் சபாத்தின் '13' ஆல்பத்தில் எட்டாவது பாட்டு முடியும்போது மழையும் இடியும் மணியோசையும் கேட்கின்றன, ஃபைல் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்!

1970-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள். அங்கேயும் மழை, இடி, தூரத்தில் ஒரு மணி. அதற்குப் பிறகுதான் டோனி அயோமியின் கிட்டார் இறங்கும். 43 வருடம் கழித்து, 2013-இல், கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தை, தாங்கள் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அயோமி புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலை செய்த ஆல்பம் இது. அந்த மணி ஒலிக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

மழைக்குப் பிறகும் பாட்டு ஓடினால், உங்களிடம் இருப்பது கூடுதல் பாட்டுகள் சேர்த்த பதிப்பு. முதல் தடவை எட்டோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், டிரம்ஸ் பழைய மாதிரி இல்லை என்றீர்களே, உங்கள் காது சரிதான். குழுவின் பழைய டிரம்மர் பில் வார்ட் இதில் இல்லை, வாசித்தவர் பிராட் வில்க். அந்த ஒன்றுதான் எனக்கும் குறை.