ஸ்லவுச் (slouch), லவுஞ்ச் (lounge), ஸ்ப்ரால் (sprawl), லால் (loll): ஆங்கிலத்தில் இவை எல்லாமே 'சாய்ந்து கிடப்பது' தானா?

அகராதியைப் புரட்டினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் உடம்பில் எந்த இடம் தளர்கிறது என்று பாருங்கள், வேறுபாடு பிடிபட்டுவிடும்.

ஸ்லவுச் என்றால் முதுகும் தோளும். நாற்காலியில் கூன் போட்டு உட்கார்வது. நின்றபடியும், நடந்தபடியும்கூடச் செய்யலாம். "நிமிர்ந்து உட்கார்" என்று அம்மா அதட்டுவாரே, அந்தக் கோலம். சொல்லிலேயே குறை சொல்லும் தொனி உண்டு. 'நோ ஸ்லவுச்' என்றால் மட்டும் பாராட்டு: அந்த வேலையில் அவர் சளைத்தவர் அல்ல.

லவுஞ்ச் என்பதில் கோலத்தைவிட மனநிலைதான் முக்கியம். அவசரமே இல்லாமல், அக்கடா என்று சாய்ந்து பொழுதைப் போக்குவது. விமான நிலையத்தில் காத்திருக்கும் கூடத்துக்கு இந்தப் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஸ்ப்ரால் கை கால்களைப் பற்றியது. திசைக்கொன்றாகக் கை, காலைப் பரப்பிக்கொண்டு சோபா முழுவதையும் ஒருவரே பிடித்துக்கொள்வது. நகரம் கட்டுப்பாடின்றிப் பரவுவதை 'அர்பன் ஸ்ப்ரால்' என்பதும் இதனால்தான்.

லால் எனக்கு மிகவும் பிடித்த சொல். பிடிமானம் இல்லாமல் தொய்ந்து தொங்குவது அது. பேருந்தில் தூங்குபவரின் தலை பக்கத்து ஆள் தோளில் சாய்வதும், வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிடுவதும் லால்தான்.

ரிக்லைன் (recline)? வெறுமனே பின்னால் சாய்வது. குறையும் இல்லை, சோம்பலும் இல்லை. சந்தேகம் வந்தால் இதையே எழுதுங்கள், யாரையும் புண்படுத்தாது.