சீபிஸ்கட் 1938இல் வார் அட்மிரலை வென்றது வெறும் அதிர்ஷ்டமா?

இரண்டே சாம்பியன் குதிரைகள் நேருக்கு நேர் மோதிய பந்தயங்களில் மறக்க முடியாதது எது, அமெரிக்கப் பந்தயக் குதிரை சீபிஸ்கட் இன்னொரு சாம்பியனான வார் அட்மிரலை வென்றது அதிர்ஷ்டம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மறக்க முடியாதது அந்தப் பந்தயம்தான். ஆனால் அதிர்ஷ்டம் என்பதை என்னால் ஏற்க முடியாது. பந்தயக் குதிரையை நீங்கள் அருகில் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள் என்று எண்ணுகிறேன்; நான் அவற்றின் நடுவே வளர்ந்தவன்.

என் அப்பா ஊட்டி ரேஸ் கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் ஆளாக இருந்தவர். சீசனுக்குக் கிண்டியிலிருந்து குதிரைகள் மலையேறி வந்துவிட்டால் அவருக்கு லாயம்தான் வீடு. அவர் பொறுப்பில் இருந்த ஒரு செம்பழுப்புக் குதிரை, காலைப் பயிற்சியில் தனியாக விட்டால், பஸ் ஸ்டாண்டு ஹாரனுக்கெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு சோம்பலாக ஓடும். ஒருநாள் டிரெய்னர் இன்னொரு குதிரையை அதற்கு இணையாக ஓடவிட்டார். வளைவில் அந்தக் குதிரையின் மூக்கு இதன் தோள்வரை வந்ததுதான் தாமதம், இதன் காதுகள் இரண்டும் பின்னால் மடங்கிப் பிடரியோடு படிந்தன. வெள்ளை விழி தெரியப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாய்ந்தது, ஜாக்கி கடிவாளத்தை இழுத்தும் அடங்கவில்லை. "கூட்டத்துல ஓடுனா ஒளிய இடம் இருக்கும்டா, ரெண்டே குதிரைன்னா எங்க ஒளியும்?" என்றார் அப்பா.

பால்டிமோரின் பிம்லிகோ மைதானத்தில் 1938 நவம்பர் 1 அன்று நடந்ததும் இதுவே. வார் அட்மிரல் முந்தைய ஆண்டு அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரை, புறப்பாட்டில் மின்னல். ஸ்டார்ட்டிங் கேட், அதாவது குதிரைகளை அடைத்துவைத்துத் திறந்துவிடும் கதவு, அதற்குப் பிடிக்காது என்பதால் கேட் இல்லாமல், மணியடித்துத் தொடங்க ஏற்பாடானது. சீபிஸ்கட்டின் டிரெய்னர் டாம் ஸ்மித் அதையே ஆயுதமாக்கினார்: மணிச்சத்தம் கேட்டவுடன் பாயும்படி தன் குதிரையைப் பழக்கினார். ஜாக்கி ஜார்ஜ் வுல்ஃப் முந்தைய இரவே தடத்தில் நடந்து, மண் இறுகிய பாதை எது என்று கண்டு வைத்திருந்தார். சீபிஸ்கட்டின் வழக்கமான ஜாக்கி, காயத்தால் படுத்திருந்த ரெட் பொல்லார்ட், எதிராளியை நடுவில் அருகே வரவிடு, சீபிஸ்கட் அதன் கண்ணைப் பார்க்கட்டும் என்று யோசனை சொல்லியிருந்தார். பொல்லார்ட் சொன்னதைப் படித்தபோது என் அப்பாவின் குரலே கேட்டது. சுமார் 1,900 மீட்டர் ஓட்டத்தில் நான்கு லென்த் (ஒரு லென்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில், மைதானத்தின் சாதனை நேரத்தில் கிடைத்த வெற்றியை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

1955இல் சிகாகோவில் ஜாக்கி எடி ஆர்காரோ முதல் அடியிலிருந்தே நாஷுவா என்ற குதிரையை விரட்டி, அவ்வாண்டு கென்டக்கி டெர்பி பந்தயத்தில் நாஷுவாவைத் தோற்கடித்திருந்த ஸ்வாப்ஸ் என்ற குதிரையை ஆறரை லென்த்தில் வென்றார். ஸ்வாப்ஸின் குளம்பில் கோளாறு இருந்ததால் அந்தப் பந்தயத்தை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். 1975இல் பெல்மாண்ட் பார்க் மைதானத்தில், அதுவரை தோல்வியே அறியாத ரஃபியன் என்ற பெண் குதிரைக்கு, ஃபூலிஷ் பிளஷர் என்ற குதிரையுடன் ஓடும்போது முன்னங்கால் முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. இணையாக இன்னொரு குதிரை ஓடும்போது அடங்க மறுக்கும் அந்தக் குணமே அதன் காலுக்கு எமனாயிற்று என்பது என் கருத்து. அதைச் சிறந்த பந்தயங்களின் வரிசையில் சேர்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் பந்தயங்களைப் பற்றி எழுதுவோர் உரிமையாளர், டிரெய்னர், ஜாக்கி மூவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரவெல்லாம் காலைத் தேய்த்துவிட்டு, குளம்பைச் சுத்தம் செய்து, கடிவாளம் பிடித்துக் கூட்டிவரும் ஆளின் பெயர் கோப்பைப் படத்தின் கீழ்கூட அச்சாவதில்லை. என் அப்பா நின்ற படங்களிலும் அப்படித்தான்.

பிம்லிகோ பந்தயத்தின் பழைய படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது. முடிவை விட்டுவிட்டு, மணியடித்த முதல் சில விநாடிகளையும், எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் வார் அட்மிரல் நெருங்கிவரும் இடத்தையும் பாருங்கள்.