கோடை விருந்தினர் கிளம்பிய பிறகும் தங்கிவிடும் கடன்

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். பூர்விகம் காரைக்கால். 2021-இல் வடமேற்குப் பிரான்ஸின் பிரெத்தாஞ் பகுதியில், பொந்திவி நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய கல்வீட்டை விடுமுறைக்காக வாங்கினோம். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 4,800 யூரோ. பாரிஸ் வீட்டுக் கடன் 1,150, கிராமத்து வீட்டுக் கடன் 490. லிவ்ரே ஆ சேமிப்புக் கணக்கில் 7,000 இருக்கிறது. ஆனால் இரண்டு கடன் அட்டைகளில் 2,900 வீதம் பாக்கி நிற்கிறது, வட்டி 21 விழுக்காடு. மாதம் 220 கட்டுகிறோம், குறையவே இல்லை. கோடைதோறும் லண்டனிலிருந்து நாத்தனார் குடும்பத்தினர் நால்வரும் வருவார்கள். அவர்களை நட்சத்திர உணவகங்களுக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 900 யூரோ. பாதி அட்டையில்தான் போயிற்று. நாத்தனார் கணவர் பில்லை எடுக்கக் கை நீட்டினாலும் என் கணவர் விடுவதில்லை. "அக்கா முன்னால் கணக்குப் பார்க்காதே" என்கிறார். இந்த ஆகஸ்டுக்குக் கடலோர ஊரான கான்கால் பக்கம் உள்ள மூன்று நட்சத்திர உணவகத்தில் இடம் பதிந்துவிட்டார். கிராமத்து வீட்டை விற்றுவிடலாமா? நாத்தனார் மகன் சொல்வதுபோல் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: சகோதரி, மாதக் கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கும் உங்களுக்கு வரவு செலவுத் திட்டம் போடச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டை விற்க வேண்டாம். இரண்டு வீட்டுக் கடன்களும் சேர்ந்து 1,640 யூரோ, உங்கள் வருமானத்தில் 34 விழுக்காடு. பிரான்ஸில் வங்கிகளுக்கு விதித்திருக்கும் வரம்பு 35. இறுக்கமான நிலைதான், ஆனாலும் தாங்கும். அட்டைக்குக் கட்டும் 220-ஐயும் சேர்த்தால் அது 39-ஐ நெருங்குகிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த 220.

அது ஏன் குறையவில்லை என்று பாருங்கள். 5,800-க்கு 21 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்குச் சுமார் 1,200, மாதத்துக்கு 100. நீங்கள் கட்டும் 220-இல் அசலுக்குப் போவது 120 மட்டுமே. ஓராண்டில் அசலை 1,440 இறக்குகிறீர்கள். கோடையில் அட்டையில் புதிதாக 2,250 ஏற்றுகிறீர்கள். ஆக, ஒவ்வோர் ஆண்டும் 800 யூரோ கூடுகிறது. 2010-இன் லகார்த் சட்டப்படி 3,000 யூரோ வரையிலான சுழல் கடன் (உங்கள் அட்டைகளைப் போல, கட்டக் கட்ட மீண்டும் எடுக்கக்கூடிய கடன்) 36 மாதங்களுக்குள் தீர வேண்டும். ஆனால் நடுவில் புதிதாக எடுத்தால் கெடு பின்னால் நகர்ந்துகொண்டே போகும். நீங்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அதைத்தான் செய்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இருமுறை படித்த வரி, நாத்தனார் கணவர் கை நீட்டினாலும் உங்கள் கணவர் விடுவதில்லை என்பது. அப்படியானால் யாரும் உங்களிடம் எதையும் பிடுங்கவில்லை. கொடுக்க வந்தவரைத் தடுத்துவிட்டு, 21 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய பணத்தில் உங்கள் கணவர் விருந்து வைக்கிறார். தம்பி வெளிநாட்டில் நன்றாக இருக்கிறான் என்று அக்காவுக்குக் காட்ட நினைக்கும் அந்த மனதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த அக்காவுக்கு இந்தக் கடன் தெரிந்தால் அடுத்த வாய் இறங்குமா என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. லிவ்ரே ஆ கணக்கிலிருந்து 5,800 எடுத்து இரண்டு அட்டைகளையும் அடைத்துவிடுங்கள். அந்தக் கணக்கின் வட்டி 2025 ஆகஸ்டில் 1.7 விழுக்காடாகக் குறைந்தது. அந்த விகிதத்தில் 7,000-க்கு ஆண்டுக்கு 120 யூரோகூட வராது. 120 கிடைக்க 1,200 கொடுப்பதை எந்த ஆலோசகரும் சேமிப்பு என்று சொல்ல மாட்டார். கையில் 1,200 மிஞ்சும். அட்டைக்குப் போய்க்கொண்டிருந்த 220-ஐ அதே தேதியில் லிவ்ரே ஆவுக்குத் திருப்பினால், இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழித்து 7,000 மீண்டும் நிறையும். ஒரு நிபந்தனை: அடைத்த கையோடு இரண்டு சுழல் கடன் கணக்குகளையும் பதிவுத் தபாலில் எழுதி மூடுங்கள். மூடாமல் வைத்தால் அடுத்த கோடையில் சேமிப்பும் இருக்காது, கடனும் திரும்பி வந்திருக்கும். மூட மனமில்லை என்றால் சேமிப்பைத் தொடாதீர்கள்.

வாடகை யோசனைக்கு வருகிறேன். சாவி கொடுப்பது முதல் படுக்கை விரிப்பு துவைப்பது வரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் பராமரிப்பு நிறுவனங்கள் இப்போது நிறைய. வாரம் 650 யூரோ, ஆறு வாரம் என்று வைத்தால் 3,900. நிறுவனத்தின் பங்கு ஐந்தில் ஒன்று என்றாலே 780 போய்விடும். தரச்சான்று பெறாத சுற்றுலா வீட்டுக்கு 2025 வருமானம் தொடங்கி வரிக்கழிவு 30 விழுக்காடுதான்; மீதிக்கு வருமான வரியும் சமூகப் பங்களிப்பும் சேர்ந்து இன்னொரு 800 அளவில் வரும். சலவை, மின்சாரம், உடைந்த சாமான் எல்லாம் போக 1,800 நின்றால் நல்லது. அதைவிடப் பெரிய சிக்கல், பிரெத்தாஞ் உட்பகுதியில் நல்ல வாடகை கிடைப்பது ஜூலை, ஆகஸ்டில். அந்த வாரங்களில்தான் நாத்தனார் குடும்பம் அங்கே இருக்கிறது. இதை அவர் மகன் யோசித்தாரா?

உணவுக்கு நான் எதிரி அல்லன். ஆனால் உணவகங்களுக்கு இந்த நட்சத்திரங்களை வழங்கும் மிச்செலின் கையேடு 1900-இல் ஒரு டயர் நிறுவனம் கார்க்காரர்களுக்காக வெளியிட்டது. மூன்று நட்சத்திரத்துக்கு அது தரும் பொருளே "இதற்கென்றே ஒரு பயணம் போகத் தகுந்தது" என்பதுதான். கான்கால் அருகிலுள்ள லெ கொக்கியாஜ் 2025-இல் மூன்றாம் நட்சத்திரம் பெற்றது, பொந்திவியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தரத்தில் ஆறு பேர் உட்கார்ந்தால் பில் 2,000-ஐ நெருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முழுவதும் கட்டி நீங்கள் இறக்கிய 1,440-ஐ ஒரே மேசை விழுங்கிவிடும்.

கோடைக்கு ஒரு நட்சத்திர விருந்து போதும், அதுவும் ஒற்றை நட்சத்திரம், வார நாள் மதியம். அதே சமையலறையின் மதிய உணவுத் திட்டம் இரவு விலையில் ஏறத்தாழ பாதிக்குக் கிடைக்கும் இடங்கள் பல. குழாய்த் தண்ணீர்க் குடுவையைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. மற்ற நாட்களுக்கு அந்த மண்ணில் எவ்வளவோ இருக்கிறது. தோசை போன்ற கருங்கோதுமை கலெத்தும் கிண்ணத்தில் ஊற்றித் தரும் சீத்ரு என்ற ஆப்பிள் மதுவும் ஆறு பேருக்கு 150 யூரோவுக்குள் முடியும். கான்கால் துறைமுகக் கடைகளில் சிப்பியை அங்கேயே திறந்து தருவார்கள், கடலைப் பார்த்தபடி உண்ணலாம். ஆகஸ்டில் பேம்போல் வெள்ளை மொச்சை பச்சையாகச் சந்தைக்கு வரும். அதை உங்கள் வீட்டு அடுப்பில் காரைக்கால் முறையில் குழம்பு வைத்து, உப்பு வெண்ணெயில் வதக்கிய லாங்குஸ்தீன் இறாலோடு பரிமாறினால் 80, 90 யூரோவில் ஆறு பேரும் வயிறு நிறைய உண்பார்கள். அப்படி ஒரு சாப்பாட்டை லண்டனிலிருந்து வருபவர்களுக்கு எந்த உணவகமும் தர முடியாது.

நாத்தனாரிடம் இதை நீங்கள் பேசாதீர்கள். நீங்கள் சொன்னால் தம்பி பெண்டாட்டி கையை இறுக்குகிறாள் என்று ஆகிவிடும். உங்கள் கணவரே தொலைபேசியில் சொல்லட்டும்: "அக்கா, இந்த வருஷம் வீட்டில் சமைக்கிறோம். ஒரு நாள் மட்டும் வெளியே போகலாம், அன்றைக்கு அத்தான் செலவு." அத்தான் எத்தனையோ ஆண்டுகளாகக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆகஸ்டு முன்பதிவை இன்றே எடுத்துப் பாருங்கள். இத்தகைய உணவகங்கள் பல, பதியும்போதே அட்டை விவரத்தை வாங்கிவைத்து, கெடு தாண்டி ரத்து செய்தால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளும். கெடு என்றைக்கு என்பது உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சலில் இருக்கும்.