அலாய் வீல் பிளாட்பாரக் கல்லில் உரசாமல் காப்பது எப்படி?

கேள்வி: 16 இன்ச் டயமண்ட் கட் அலாய் வீல் உள்ள கார். இடது பக்க வீல்கள் இரண்டும் பிளாட்பாரக் கல்லில் உரசிவிட்டன. ஆன்லைனில் விற்கும் ரிம் ப்ரொடெக்டர் பட்டையை ஒட்டினால் போதுமா?

போதாது. பட்டை கடைசியாக யோசிக்க வேண்டியது. முதலில் டயர், அடுத்து இடது பக்கக் கண்ணாடி, அதற்கும் பிறகுதான் பட்டை.

ரிம் ஏன் கல்லில் படுகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 இன்ச் அலாயில் அதிகம் வரும் 195/55 ஆர்16 டயரின் பக்கச் சுவர் உயரம், டயரின் அகலமான 195 மி.மீ.-இல் 55 சதவீதம், அதாவது 107 மி.மீ. ரிம்மின் விளிம்பு அந்தச் சுவரின் மேல் சுமார் 17 மி.மீ. வரை இறங்கி நிற்கும். காரின் எடையில் டயர் இன்னொரு 20 மி.மீ. போல அமுங்கும். மிச்சம் 70 மி.மீ. ரிம்மின் அடி ஓரம் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கிறது. நடைபாதை உயரம் 150 மி.மீ. தாண்டக் கூடாது என்பது, சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐஆர்சி 103 வழிகாட்டுதல். அதை ஒழுங்காகப் பின்பற்றிக் கட்டிய கல்கூட உங்கள் ரிம் விளிம்பைவிட இரண்டு மடங்கு உயரம். டயர்தான் முதலில் முட்டும், ரிம்முக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இங்கேதான் தவறுகிறது.

உங்கள் டயர் ரிம்முக்கு எவ்வளவு காவல் தருகிறது என்பதை ஒரு அடி ஸ்கேலை வைத்தே பார்த்துவிடலாம். சமதரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடு உயரத்தில், அதாவது கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில், ஸ்கேலை நிமிர்த்தி டயரின் பக்கச் சுவர்மேல் சாய்த்துப் பிடியுங்கள். ஸ்கேலுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் டயர் வெளியே புடைத்து நிற்கிறது. லேசான உரசலை ரப்பரே வாங்கிக்கொள்ளும். ஸ்கேல் ரிம்மைத் தொட்டால் முதல் உரசலே அலுமினியத்தில்தான் விழும். ஸ்போக் விளிம்பைவிட வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் டிசைன் இன்னும் மோசம். அதில் ஸ்போக்கின் முகமே தேயும்.

ஆகவே அடுத்த முறை டயர் மாற்றும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ரிம் அகலம். 195/55 ஆர்16 டயருக்கு 6 இன்ச் அகல ரிம் சரியான பொருத்தம். 7 இன்ச் ரிம்மிலும் ஏறும், ஆனால் டயர் இழுபட்டு, விளிம்பு வெளியே தெரியும். இரண்டு, பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ரப்பர் வரம்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கான்டினென்டல் டயர்களில் எஃப்ஆர், குட்இயரில் எஃப்பி, டன்லப்பில் எம்எஃப்எஸ் என்ற எழுத்துகள் இந்த வரம்பைக் குறிக்கும். மூன்றாவது, அழகுக்காக ரிம் சைஸைக் கூட்டுவது. 185/65 ஆர்15, 195/55 ஆர்16, 205/45 ஆர்17 மூன்றுக்கும் வெளிச் சுற்றளவு ஏறத்தாழ ஒன்றுதான். பக்கச் சுவர் மட்டும் 120, 107, 92 மி.மீ. என்று இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு இன்ச்சுக்கும் கல்லுக்கு இன்னும் பக்கத்தில் போகிறீர்கள். நம் தெருக்களில் ஓட்டுகிறவருக்கு 17 இன்ச் வேண்டாம் என்பதே என் கருத்து.

காற்றையும் விட்டுவிடாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்த (பிஎஸ்ஐ) அளவு இருக்கும். 15 நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அந்த அளவைச் சரிபாருங்கள். காற்று குறைந்தால் ரிம் இன்னும் கீழே இறங்கும், பக்கச் சுவரும் எளிதில் மடங்கிக் கொடுக்கும்.

இனி ஓட்டும் முறை. அடி படுவது பெரும்பாலும் இடது பின் சக்கரத்துக்குத்தான். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம், கல் இடது பக்கம். போதாததற்கு, திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் தெரியுமா? வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 2.6 மீட்டர் உள்ள காரில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால், இடது பின் சக்கரம் இடது முன் சக்கரத்தின் தடத்தைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ளே வரும். 10 மீட்டர் ஆரத்தில் நிதானமாகத் திரும்பினாலும் 35 செ.மீ. உள்ளே வரும். தெருமுனையிலும், அபார்ட்மென்ட் கேட்டிலும், மால் பார்க்கிங்கின் சுழல் ரேம்பிலும் முன் சக்கரம் தப்பிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் நொடியில் பின் சக்கரம் உரசுவது இதனால்தான். இறுக்கமான இடதுத் திருப்பத்தில் கல்லிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வாருங்கள். கல்லின் முனை உங்கள் தோளுக்கு நேராக வந்த பிறகு முழுதாக ஒடியுங்கள்.

பார்க்கிங் சென்சாரை நம்ப வேண்டாம். அது பம்பரின் உயரத்தில் இருக்கிறது, 15 செ.மீ. கல் பல சமயம் அதற்குத் தெரியாது. நம்ப வேண்டியது இடது கண்ணாடியை. ரிவர்ஸ் எடுக்கும் முன் அதைக் கீழே இறக்கி, பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் கண்ணாடியின் கீழ்ப் பாதியில் தெரியும்படி வையுங்கள். சில கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டதும் இது தானாகவே இறங்கும், மெனுவில் அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். இடது கண்ணாடி குவிந்தது என்பதால் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். அதற்கு ஒரு வழி உண்டு: கண்ணாடியில் தெரியும் டயரின் அகலத்தையே அளவுகோலாக்குங்கள். டயர் 195 மி.மீ., ஏறத்தாழ 20 செ.மீ. கல்லுக்கும் டயருக்கும் நடுவே இன்னொரு டயர் நிற்கும் இடம் தெரிந்தால் 20 செ.மீ. இருக்கிறது என்று பொருள். ஒன்றரை டயர் அளவில், 30 செ.மீ.யில் நிறுத்தினால் யாருக்கும் இடைஞ்சலில்லை, ரிம்மும் பிழைக்கும்.

ரிவர்ஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பின்னால் எடுத்தால் காரின் மூக்கு இடது பக்கம் வீசும். எல்லோரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள்; இடது முன் சக்கரம் கல்லில் தேயும். சக்கரம் கல்லைத் தொட்ட சத்தம் கேட்டால் ஸ்டியரிங்கை அசைக்காமல் நிறுத்துங்கள். வந்த வழியிலேயே திரும்ப எடுங்கள். "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஒடித்துக்கொண்டே நகர்ந்தால் 2 செ.மீ. கீறல் கால் வட்டமாகிவிடும்.

கல்மேல் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் சாய்வாக ஏற்றாதீர்கள். கூடுமானவரை நேராக, நடை வேகத்துக்கும் குறைவாக ஏற்றுங்கள். நேராக ஏறும்போது டயரின் தரையில் படும் பட்டன் பகுதி எடையைத் தாங்கும், சாய்வாக ஏறும்போது பக்கச் சுவரும் விளிம்பும் அரைபடும்.

சரி, பட்டைக்கு வருவோம். இரண்டு வகை உண்டு. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே செருகுவது ஒன்று, விளிம்பின்மேல் பசையால் ஒட்டுவது இன்னொன்று. செருகும் வகையை, ரப்பர் வரம்பு உள்ள டயரில் போடாதீர்கள். உள்ளே இடமில்லாமல் பிதுங்கி நிற்கும், ஓட்டத்தில் கழன்றும் போகலாம்.

ஒட்டும் வகையில் வேலையைக் கெடுப்பது அவசரம். 16 இன்ச் ரிம்மின் வெளிச் சுற்று சுமார் 1.4 மீட்டர், நான்கு வீலுக்கு 6 மீட்டர் வாங்குங்கள். காலை நேரத்தில், நிழலில், வீல் முழுதாக ஆறிய பிறகு தொடங்குங்கள். ஷாம்பூவால் கழுவி, பிரேக் தூசியை எடுத்து, உலர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைக்க வேண்டும். டயர் பாலிஷ் பட்டிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பட்டையின் இரு முனையும் சேரும் இணைப்பு, வால்வுக்கு நேராக வரும்படி ஆரம்பித்து, பட்டையை இழுக்காமல், கையளவு கையளவாக வைத்து அழுத்தி வாருங்கள். இழுத்து ஒட்டிய பட்டை வெயிலில் சுருங்கி இணைப்பு வாய் திறக்கும். அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். அதுவரை பிரஷர் வாட்டர் வாஷ் கூடாது. டயர் கடைக்குப் போனால் மெஷினில் ஏற்றும் முன் பட்டை இருப்பதைச் சொல்லுங்கள். சக்கரத்தைச் சமன்செய்ய வைக்கும் பேலன்ஸ் எடையை விளிம்பில் கவ்வ விடாமல் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை பட்டையை உரித்துப் பார்ப்பதும் நல்லது. அடியில் சேறும் ஈரமும் தங்கும். இவ்வளவு செய்தும் அது தடுப்பது மெல்லிய உரசலை மட்டுமே, மோதலை அல்ல.

உங்கள் இரண்டு வீல்களுக்கும் இப்போது செய்ய வேண்டியது: முதலில் டயரின் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். முட்டைபோல் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, டயரை மாற்றத்தான் வேண்டும். விளிம்பு ஓரம் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வீலின் உட்பக்க விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், நெளிவு அங்கே ஒளிந்திருக்கும்.

பெயின்ட் அடித்த அலாய் என்றால் சின்னக் கீறலை வீட்டிலேயே சரிசெய்யலாம். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டின் சீட்டுகளைச் சுற்றிலும் செருகிவிட்டால் டயரில் பெயின்ட் படாது. 240, 400, 800 நம்பர் உப்புத்தாள் வரிசையில் தேய்த்து, பள்ளத்துக்கு அலுமினியம் கலந்த எபாக்ஸி பட்டி, பிறகு பிரைமர், வண்ணம், கிளியர் கோட்.

உங்களுடையது டயமண்ட் கட். லேத்தில் சீவி எடுத்த பளபளப்பு அது, கையால் தேய்த்து அந்த வரிகள் வராது. கணினியால் இயங்கும் சிஎன்சி லேத்தில் மறுபடி சீவலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். ஓரிரு தடவைக்கு மேல் தாங்காது. ஆகவே சின்ன உரசலுக்கெல்லாம் லேத்துக்கு ஓடாமல், இந்த வாரமே கீறலை ஆல்கஹாலால் துடைத்து மெல்லிய தூரிகையால் கிளியர் லாக்கர் (நிறமில்லாத பூச்சு) தடவிவிடுங்கள். விட்டால் ஈரம் லாக்கருக்கு அடியில் நுழைந்து வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் பரவும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது சீக்கிரம் வரும். வெடிப்புத் தெரிந்தால் மட்டும் எந்தப் பூச்சும் வேண்டாம். வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். அந்த வீலைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியைப் போட்டுக்கொள்ளுங்கள்.