‘நான் போனா எல்லாம் உனக்குத்தானே!’

கேள்வி: எனக்கு 41 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்கு 46. சொந்தமாக ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. வீடு அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது, அவர் பெயரில்தான் இருக்கிறது. மாமனார் காலமாகிவிட்டார், மாமியார் எங்களோடு இருக்கிறார். கணவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. என்னோடு வேலை பார்க்கும் தோழியின் கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அவள் படும் பாட்டைப் பார்த்து, “நாமும் உயில் எழுதி வைக்கலாமே” என்று இவரிடம் சொன்னேன். “நான் போனா எல்லாம் உனக்குத்தானே, உயில் எதுக்கு?” என்று சிரிக்கிறார். அத்தை காதில் விழுந்து, “விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது” என்று இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொத்துக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்று மனசு கிடந்து தவிக்கிறது. என் சம்பளத்தில் வாங்கிய சின்ன மனை ஒன்றைத் தவிர எனக்கென்று எதுவும் இல்லை. கோபியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு மாதம் 7,000 ரூபாய் நான்தான் அனுப்புகிறேன். இந்தப் பேச்சை நான் எடுத்தது தவறா?
– வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தவறே இல்லை. உங்கள் கணவர் மீதும் தவறு இல்லை. அப்படித்தான் நடக்கும் என்று மனசார நம்பித்தான் அவர் சொல்கிறார். என் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே நம்பிக்கையில் இருந்தவர்கள்தான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவருடைய சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் பிரியும். மனைவி, மகன், மகள் ஆகியோரோடு இறந்தவரின் தாயாரும் அந்த வகுப்பில் வருகிறார். தந்தை வரமாட்டார், தாய் வருவார். ஆக, உங்கள் வீடு நான்கு பங்காகும். உங்களுக்குக் கால், மகளுக்குக் கால், மகனுக்குக் கால், அத்தைக்குக் கால்.

வீட்டின் மதிப்பு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 15 லட்சம், அத்தையின் பங்கும் 15 லட்சம். பெற்ற தாய்க்கு அதில் உரிமை இருப்பது நியாயம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் வருவது அதற்கு அடுத்த கட்டத்தில். அத்தையும் உயில் எழுதாமல் காலமானால் அந்த 15 லட்சம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். தம்பிக்கு 5 லட்சம், தங்கைக்கு 5 லட்சம், இறந்துபோன மூத்த மகனின் பங்காக உங்கள் குழந்தைகள் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம். மருமகளான உங்களுக்கு அதில் எதுவும் கிடையாது. அதாவது, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் ஆறில் ஒரு பங்கு கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் சேர்ந்துவிடும். அவர்கள் தங்கமான மனிதர்களாகவே இருக்கட்டும். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்போது அவர்களும் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், ஒருவருக்குக் கடன் நெருக்கடி இருக்கும். கெட்டவர்கள் யாருமே இல்லாத குடும்பங்கள்கூட இப்படிப்பட்ட கையெழுத்துகளுக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட உடனடியாகக் கழுத்தைப் பிடிப்பது குழந்தைகளின் பங்கு. உங்கள் தோழி என்ன பாடுபடுகிறார் என்று நீங்கள் விவரமாக எழுதவில்லை. ஒருவேளை இதுவாக இருக்கலாம். 18 வயது ஆகாத பிள்ளையின் பங்கில் இருக்கும் வீட்டையோ நிலத்தையோ, பெற்ற தாயே ஆனாலும், நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும், இந்த விற்பனை பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்று காட்ட வேண்டும். அனுமதி வாங்காமல் விற்றால், பிள்ளை மேஜரான பிறகு அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அதனால் வாங்க வருபவரும் தயங்குவார், கடன் தரும் வங்கியும் தயங்கும். உங்கள் மகனுக்கு 9 வயதுதான் ஆகிறது. நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால், அடுத்த ஒன்பது வருடங்களுக்குச் சொந்த வீட்டை வைத்துக்கொண்டே மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வெளியில் கடன் கேட்க வேண்டி வரலாம். சட்டம் இதைக் குழந்தைகளின் பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அவர்களை வளர்க்க வேண்டிய தாயின் கை கட்டப்பட்டுவிடுகிறது.

இதை அவிழ்க்க ஒரு தாள் போதும். “என் ஆயுளுக்குப் பின் இந்த வீடு முழுப் பாத்தியதையோடு என் மனைவியைச் சேர வேண்டியது” என்று அவர் எழுதி வைத்துவிட்டால் பங்கும் இல்லை, கோர்ட் அனுமதியும் தேவையில்லை. பிள்ளைகள் பெயருக்கே எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை தாய் பெயருக்கு எழுதுவதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். அவர்கள் வளர்ந்து நிலைமை மாறினால் உயிலையும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். எத்தனை முறை எழுதினாலும் கடைசியாக எழுதியதுதான் செல்லும். “உயில் எதற்கு, இப்போதே செட்டில்மென்ட் போட்டுவிடுங்கள்” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செட்டில்மென்ட் எழுதிய அன்றே சொத்து அவர் கையை விட்டுப் போய்விடும். 46 வயதில் அதற்கு அவசியமே இல்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் உயில் எழுத வேண்டும் என்று தவிக்கிறீர்கள். நீங்கள் எழுத வேண்டும் என்ற நினைப்பு ஒரு வரியில்கூட இல்லை. “எனக்கென்று எதுவும் இல்லை” என்கிறீர்கள். மனை இருக்கிறது. பிஎஃப் இருக்கும், நகை இருக்கும், ஏதாவது டெபாசிட்டும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களை நம்பி கோபியில் ஒரு அம்மா இருக்கிறார்.

கணவர் இறந்தால் அவருடைய அம்மாவுக்குக் கால் பங்கு என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் இறந்தால் உங்கள் அம்மாவுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? ஒன்றும் கிடைக்காது. உயில் எழுதாமல் திருமணமான ஒரு பெண் இறந்தால் அவள் சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். கணவரோ பிள்ளைகளோ இல்லையென்றால் அப்போதும் அம்மாவுக்கு வராது, கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களும் இல்லாத பிறகுதான் பெற்றவர்களின் முறை. அவளே சம்பாதித்த பணமாக இருந்தாலும் இதே கதைதான்.

2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. கல்யாணமான மூன்றே மாதத்தில் விதவையான ஒரு பெண் அது. புகுந்த வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பெற்றோர்தான் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய், சம்பாதித்து, வங்கியில் சேமித்து, பிஎஃப் பணமும் விட்டுவிட்டு 1996-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். அந்தப் பணத்தைப் பெற்ற தாய் கேட்டார், கணவரின் சகோதரி மகன்களும் கேட்டார்கள். கணவர் வழி உறவினருக்குத்தான் என்று தீர்ப்பானது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் பணம் அம்மாவிடம் போயிருக்கும்.

அதனால் என் யோசனை இதுதான்: உயிலை முதலில் நீங்கள் எழுதுங்கள். மனையை அம்மாவுக்கு எழுதுவீர்களோ, டெபாசிட்டை எழுதுவீர்களோ, மாதாமாதம் அவருக்குப் பணம் போய்ச் சேர ஏற்பாடு செய்வீர்களோ, அது உங்கள் முடிவு. எழுதியதைக் கணவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். “நீங்கள் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்கும்போது வருகிற சங்கடம், “நான் எழுதிவிட்டேன், பாருங்கள்” என்று சொல்லும்போது வராது. சொத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று யாரும் நினைக்கவும் இடமில்லை. இருவரும் சேர்ந்து ஒரே உயிலாக எழுத வேண்டாம். பின்னால் ஒருவர் மட்டும் மாற்ற நினைத்தால் குழப்பமாகிவிடும். ஆளுக்கு ஒன்று தனித்தனியாக இருக்கட்டும். இருவருக்குமே ஏதாவது ஆகிவிட்டால் குழந்தைகள் யாரிடம் வளர வேண்டும் என்று கார்டியன் பெயரையும் இரண்டு உயிலிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். கார்டியனாக யாரை எழுதுகிறீர்களோ, அவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுவது பெரிய வேலை இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், சாதாரணத் தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, சொத்தின் சர்வே எண், கதவு எண், நான்கு எல்லைகள், யாருக்கு எது என்பதைத் தெளிவாகப் போடுங்கள். கடைசியில் “மற்ற என் சொத்துகள் அனைத்தும்” என்று ஒரு வரி இருக்கட்டும், இனிமேல் வாங்கப்போவதும் அதில் அடங்கிவிடும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். இருவரும் பார்க்க நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் முன்னிலையில் அவர்கள் போட வேண்டும். உயிலில் பலன் அடைகிறவர் சாட்சியாக இருக்க வேண்டாம்.

சாட்சி விஷயத்தில் என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா அழகான கையெழுத்தில் நல்ல உயில் எழுதினார். சாட்சி போட்ட இருவருமே அவருடைய வயதுக்காரர்கள், தினமும் வாக்கிங் போகும் நண்பர்கள். அப்பாவுக்கு முன்பே இருவரும் போய்விட்டார்கள். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, உயிரோடு இருந்தால் ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும். யாருமே இல்லையென்றால் கையெழுத்தை அடையாளம் காட்டி நிரூபிக்க வேண்டும். நாங்கள் உடன்பிறந்தவர்கள் சண்டை போடாததால் தப்பித்தோம். உங்களைவிட வயதில் இளையவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள்.

பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு உறவினர் யாரும் போய் நகல் கேட்டு வாங்கவும் முடியாது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம்.

நாமினி போட்டிருக்கிறோமே, போதாதா என்று உங்கள் கணவர் கேட்பார். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். அது கடைசியில் யாருக்குச் சேரும் என்பதை உயில் சொல்லும், உயில் இல்லையென்றால் வாரிசுச் சட்டம் சொல்லும். கம்பெனி பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் நாமினியைச் சரியாக வைத்திருந்தால் பணம் கைக்கு வருவது சுலபம். உங்கள் பிஎஃப் நாமினேஷனை இன்றே பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்தது என்றால் அது இப்போது செல்லாது, புதிதாகக் கொடுத்தாக வேண்டும்.

கிராமத்தில் பாகம் பிரிக்காத பூர்வீக நிலம் ஏதாவது இருந்தால், அதில் உங்கள் கணவர் தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். நான் சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கு உரியது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியர் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. இதைப் படிக்கும் மற்ற வாசகர்கள் அவரவர் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அத்தை. அவரை அடியோடு விட்டுவிட்டு உங்கள் கணவர் உயில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். கணவர் போய், மகனும் போனால், அந்த வயதில் ‘இந்த வீட்டில் நான் யார்’ என்ற பயம் ஒரு தாய்க்கு வரத்தான் செய்யும். விளக்கு வைக்கிற நேரத்தில் கோபமாக வந்தது இந்தப் பயம்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. மகனின் உயிலில் முதல் பத்தியே அவரைப் பற்றி இருக்கட்டும். ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்க அம்மாவுக்கு உரிமை உண்டு, அவருடைய சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் இன்ன டெபாசிட்டின் வட்டி போக வேண்டும் என்று எழுதட்டும். வீட்டை விற்கும் உரிமை உங்களுக்கு, குடியிருக்கும் உரிமை அவருக்கு என்று வரும்போது விற்பனை நேரத்தில் அவருக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்த ஒரு பத்தியை மட்டும் ஒரு வக்கீலை வைத்து எழுதுங்கள், வார்த்தை பிசகினால் வம்பு.

அதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், வேலையெல்லாம் ஓய்ந்த நேரத்தில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா காலமானபோது வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் யார் யார் எங்கெங்கே அலைந்தார்கள் என்று கேளுங்கள். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். அவர் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் உயில் என்ற வார்த்தையை எடுக்க வேண்டாம். அடுத்த நாள் உங்கள் கணவர் அந்த முதல் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டட்டும்.

அப்புறம் பள்ளிக்கு லீவு விடும் ஒரு வேலைநாளில், இருவரும் சேர்ந்தே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். உங்கள் ஆதார் அட்டையின் அசலையும் சாட்சிகளின் அடையாள அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.