கடல்மீன் குஞ்சுத் தீவனத்துக்கு எந்தப் புரதம் நல்லது? புரதம் 60 சதவீதம் இருந்தால் போதுமா?

போதாது. அந்த 60 தீவனப் பாக்கெட்டுக்குள் இருக்கும் கணக்கு. குஞ்சின் உடம்பில் எவ்வளவு ஒட்டும் என்பது வேறு கணக்கு.

பொரிப்பகத்தில் தீவனம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கொடுவா, களவா போன்ற மீன்கள் முதன்முதலில் வாய் திறந்து இரை எடுக்கும்போது அவற்றுக்கு இரைப்பை தயாராக இருக்காது. அமிலமும் இல்லை, இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற என்சைமும் (செரிமான நொதி) இல்லை. கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற இன்னொரு புரதச் செரிமான என்சைமை நம்பித்தான் பிழைப்பு. அந்த வயதில் மீன் தூளை எவ்வளவு நைசாக அரைத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். உடம்புதான் கண்ணாடி மாதிரி இருக்குமே, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடல் நிறையத் தீவனம் தெரியும். ஆனாலும் குஞ்சு மெலிந்துகொண்டே போகும்.

அதனால்தான் ஹைட்ரோலைசேட் சேர்க்கிறார்கள். என்சைம் கொண்டு ஏற்கெனவே பெப்டைடு எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டிய புரதம் அது. நல்லதுதானே என்று அள்ளிப் போடக் கூடாது. புரதத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் இப்படிக் கொடுத்தால் வளர்ச்சியும் பிழைப்பு விகிதமும் கூடுகின்றன. அளவு மிஞ்சினால் இரண்டுமே சரிகின்றன. அதோடு, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துகளிலிருந்து கரையும் புரதம் மளமளவென்று தண்ணீருக்குப் போய்விடும். ஒரு கண்ணாடி டம்ளர் கடல்நீரில் ஒரு சிட்டிகை தூவிக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் மஞ்சளித்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம் தொட்டியின் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து.

மற்றபடி, என் தேர்வு குறைந்த வெப்பத்தில் உலர்த்திய மீன் தூள், கூடவே கணவாய்த் தூள், கிரில் (இறால் போன்ற சிறு கடலுயிர்) தூள். புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் பொருந்தி வரும். வாசனைக்குக் குஞ்சும் வாய் வைக்கும். கோதுமை குளூட்டன் துகளைக் கட்டிப் பிடிக்க உதவும், ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு.

சோயா மாவுக்கு இந்த வயதில் நான் எதிரி. அதில் டிரிப்சினையே முடக்கும் பொருள் இருக்கிறது. குஞ்சுக்கு இருக்கும் முக்கியமான ஆயுதமே டிரிப்சின்தானே! பக்குவமாகச் சூடாக்கினால் அந்தப் பொருள் பெரும்பாலும் செயலிழக்கும். சோயாவிலிருந்து புரதத்தைத் திரட்டி எடுத்த சோயா புரதச் செறிவு இன்னும் மேல். ஆனால் தாவரப் புரதத்தில் குஞ்சுக்கு வேண்டிய டாரின் என்ற சத்து அநேகமாக இருக்காது, தனியாகச் சேர்த்தாக வேண்டும்.

எதுவானாலும் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உயிர் இரைகளை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கொஞ்ச நாள் உயிர் இரையையும் தீவனத்தையும் சேர்த்தே கொடுங்கள். கொடுவாவுக்கு 2 முதல் 3 வாரத்தில் இரைப்பை உருவாகிவிடும். அதன்பின் சாதாரண மீன் தூளே செரிக்கும், ஹைட்ரோலைசேட்டுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.